மோட்டார் வண்டியின் உயிர்ப்பு

இக்காலத்தே மோட்டார் வண்டிகளின் பெருமை பேசப் புகுவோர், டர்போசார்ஜர் என்னும் கருவியின் பெயரை ஒருகாலாயினும் எடுத்துரையாது விடார். அக்கருவி பூண்ட வண்டி விரைந்தேகும், அஃதில்லாத வண்டி ஊர்ந்தே செல்லும் என்பது பலரது துணிபு. ஆதலின், தம் வண்டி போதிய வலி காட்டாதவிடத்து, அக்கருவியைப் பூட்டுதலொன்றே வழியென நம்பிப் பெரும்பொருள் செலவிட முற்படுவாரும் உளர். அக்கருவியின்றியே ஒரு வண்டியின் திறனை மிகுவித்தல் கூடுமோ? கூடுமாயின் எவ்வெவ் வழியால், எத்துணையளவிற் கூடும்? இவை குறித்து யாம் கண்டும் கேட்டும் கற்றும் அறிந்தனவற்றை ஈண்டுச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவர்க்கு இயந்திர ஆராய்ச்சி எற்றுக்கு என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எம் வீட்டு உலையில் இடும் அரிசியும் எம் கல்லூரிச் சம்பளமும் ஒரு சிறு மோட்டார் வண்டியின் உழைப்பினின்றே வருதலின், இவ்வாராய்ச்சி எமக்குப் பொழுதுபோக்கன்று. அன்னார்க்கு யாம் கூறும் விடை இதுவே.

தமிழில் உயிர்த்தல் என்னுஞ் சொல் மூச்சு விடுதலையும் உயிர்பெற்றெழுதலையும் ஒருங்கே குறிக்கும். அச்சொல் விலங்கிற்கும் மக்கட்கும் பொருந்துமாறே பெட்ரோல் இயந்திரத்திற்கும் பொருந்தும். இயந்திரம் இடையறாது செய்யும் வினைகள் நான்கு: காற்றை உள்ளிழுத்தல், அதனை அழுத்தல், எரித்தல், எரிந்த புகையை வெளிவிடல். பிஸ்டன் கீழிறங்குங்கால் சிலிண்டரினுள் வெற்றிடம் தோன்றும். புறத்தேயுள்ள காற்று தன் அழுத்தத்தால் ஆண்டுப் புகும். 1 கிலோ பெட்ரோல் செவ்வனே எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். அக்காற்று பன்னீராயிரம் லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பெட்ரோலை மிகுதியாக ஊட்டுதல் எளிது. அதற்கேற்ற காற்றை ஊட்டுதலே அரிது. எனவே, இயந்திரத்தின் வலியாவது பெரும்பாலும் அதன் உயிர்ப்பின் வலியேயாம்.

இவ்வுண்மையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். எம் வீட்டு வண்டியின் மூன்று சிலிண்டர்களும் சேர்ந்து 796 கன சென்டிமீட்டர் அளவின. அவ்வியந்திரம் நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுழலுமாயின், இரு சுற்றுக்கு ஒருமுறை தன் அளவு முழுதும் மூச்சிழுக்கும். அக்கணக்கின்படி நிமிடமொன்றுக்கு 1590 லிட்டர் காற்று உட்செல்லல் வேண்டும். அமர்ந்து இளைப்பாறும் மனிதர் ஏறத்தாழ இருநூற்றுவர் சேர்ந்து இழுக்கும் மூச்சு அஃது. ஆயினும், வடிகட்டி, குழாய், கார்புரேட்டர், வால்வு ஆகிய வாயில்கள் பலவற்றைக் கடந்து புகவேண்டியிருத்தலின், கணக்கிட்ட காற்று முழுதும் உட்செல்வதில்லை. சாதாரண இயந்திரங்களில் ஐந்திலொரு பங்கோ அதனிற் சிறிது குறைந்தோ வெளியே நின்றுவிடும்.

டர்போசார்ஜர் இக்குறையை வலிந்து தீர்க்கும் கருவி. வெளிப்போகும் புகையின் விசையால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அச்சுழற்சியால் மற்றொரு சக்கரத்தை இயக்கிக் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதே அதன் தொழில். சுவிட்சர்லாந்து தேயத்து ஆல்பிரட் பூக்கி என்னும் பொறியாளர் 1905ஆம் ஆண்டில் இத்தகைய ஏற்பாட்டிற்குக் காப்புரிமை பெற்றனர். அதன் சிறப்பை யாம் குறைத்துக் கூறேம். மலைமேற் காற்று நொய்தாதலின், கொடைக்கானல் போன்று 2100 மீட்டர் உயர்ந்த இடங்களிற் சாதாரண இயந்திரம் தன் வலியில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கை இழக்கும். டர்போசார்ஜர் பூண்ட இயந்திரமோ அவ்விழப்பைப் பெரிதும் ஈடுசெய்துகொள்ளும்.

எனினும், அக்கருவி எவ்வியந்திரத்திற்கும் பூட்டுதற்குரிய அணிகலன் அன்று. மிகுதியாக அழுத்தப்பட்ட காற்று சூடேறும். அச்சூட்டினாற் பெட்ரோல் உரிய முறையிற் படிப்படியாக எரியாது, ஒரு பகுதி திடீரென வெடித்தெரிதலும் உண்டு. மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர். சம்மட்டியால் அடித்தாற்போன்ற அவ்வடி தொடர்ந்து நிகழின் பிஸ்டனில் துளை விழும். ஆதலின் அக்கருவியோடு கூடிய இயந்திரத்தை அமைப்போர், பிஸ்டன் முதலியவற்றை வலியுடையனவாகச் செய்து, எண்ணெய்க்கும் குளிர்ச்சிக்கும் தனிவழி வகுத்து, எரிபொருளின் அளவையும் அதற்கேற்பத் திருத்துவர். இவையின்றிக் கருவியை மாத்திரம் பூட்டுதல், நோஞ்சான் காளையைத் தார்க்கோலாற் குத்தி ஓட்டுதலை ஒக்கும்.

சட்டமும் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதற்கண் குறித்தனவற்றினின்று மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என விலக்குகின்றது. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. பொதுச்சாலையில் ஓடும் வண்டியைத் திருத்த விழைவோர் இவ்வெல்லையை மறத்தலாகாது.

இனி, எம் வீட்டில் நிகழ்ந்ததனைக் கூறுவாம். எம் தந்தையார் வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் மலைக்குச் சிறு வேன் ஒன்றில் மளிகைச் சரக்கு ஏற்றிச் சென்று, மீளுங்கால் காய்கறி கொணர்வர். அண்மையில் அவ்வண்டி மலையேற்றத்தில் மிகவும் இளைத்தது. இரண்டாம் கியரில் ஏறிய வளைவுகளில் முதற் கியரும் திணறிற்று. காய்கறி உரிய பொழுதிற் சந்தை சேராமையால் வாடிக்கையாளர் இருவர் வேறு வண்டியை அமர்த்திக்கொண்டனர். எம் தமையனார் பெரிதும் கவன்று, வெளியூர்க் கடைக்காரர் ஒருவரை உசாவினர். டர்போசார்ஜர் பூட்டினால் வண்டி பறக்குமென்றும், செலவு எண்பதினாயிரம் ரூபாயாகுமென்றும் அவர் கூறினர். அத்தொகைக்கு வீட்டில் வழி இல்லை. அன்னையாரின் வளையல்கள் நான்கு இருந்தன. அன்னையார் அவற்றைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குட் சென்றனர். தந்தையார் அவற்றைத் தொட்டாரல்லர்.

மறுநாள் தந்தையார் எம்மிருவரையும் உடனழைத்துக்கொண்டு, நெடுங்காலமாகத் தமக்குப் பழக்கமுள்ள முதிய மெக்கானிக் ஒருவரிடஞ் சென்றனர். அவர் தமையனார் கூறியவற்றை முழுதும் கேட்டிருந்து, “புது மூக்கு வைக்கிறதற்கு முன்னே, இருக்கிற மூக்கைச் சிந்திப் பார்ப்போம், தம்பி” என்றனர். தமையனார்க்கு அச்சொல் உவப்பாயில்லை. “ஐயா, சிந்துவதற்குச் சளி ஒன்றும் இல்லை, சென்ற மாதந்தான் எண்ணெய் மாற்றினோம்” என்றனர். முதியவர் நகைத்துவிட்டு வேலையைத் தொடங்கினர்.

முதற்கண் அவர் காற்று வடிகட்டியை எடுத்துத் தட்டினர். மலைச்சாலைப் புழுதி அதன் மடிப்புக்களிற் களிமண்போற் படிந்திருந்தது. அடுத்து, எம்மை வண்டியினுள் அமர்த்தி ஆக்சிலேட்டரை முற்றும் மிதிக்கச் செய்து, தாம் கார்புரேட்டரை நோக்கினர். மிதி தரையைத் தொட்டபோதும் காற்று வாயிலின் தகடு முக்காற் பங்கே திறந்தது. கம்பிவடம் நாட்பட்டு நீண்டுவிட்டதே காரணம். தந்தையார் பல திங்களாக முழு வலியையும் நாடி மிதித்தும், இயந்திரம் முழு மூச்சு இழுக்கவே இல்லை. பின்னர்ப் பிளக்குகளைக் கழற்றி அழுத்தமானியைப் பொருத்தி ஒவ்வொரு சிலிண்டரையும் சோதித்தனர். இரண்டு ஒத்திருந்தன, மூன்றாவது மிகத் தாழ்ந்திருந்தது. அதன் புகைவால்வின் டாப்பெட் இடைவெளி தேய்ந்து மறைந்தமையால், வால்வு முற்றும் மூடாது சிறிது திறந்தே நின்றதாம். உரிய இடைவெளியை வைத்துத் திருப்பியபின் அழுத்தம் ஏனையவற்றோடு ஏறக்குறைய ஒத்தது. நாட்பட விட்டிருந்தால் அவ்வால்வு எரிந்தே போயிருக்கும் என்றனர்.

அதன்பின் வண்டியைத் தூக்கிச் சக்கரங்களைக் கையாற் சுழற்றினர். பின்சக்கரம் ஒன்று இரு சுற்றுக்கூடச் சுழலாது நின்றது. பிரேக்கு விட்டபின்னும் அதன் கட்டை உராய்ந்துகொண்டிருந்தது. டயர்களிற் காற்றும் குறைவு. கூரைமேல் எப்பொழுதோ பூட்டிய இரும்புக் கேரியர் ஒன்று, ஓர் ஆள் எடைக்குக் குறையாதது, சரக்கு ஒன்றும் ஏற்றப்படாமலே நாடோறும் மலையேறி இறங்கிற்று. மயிற்பீலியும் மிகுந்தால் அச்சை முறிக்கும் என்று அறிந்த நாட்டார் யாம்; இரும்பைப் பற்றி எண்ணாதிருந்தோம்.

வடிகட்டி, பிளக்கு, கம்பிவடம், பிரேக்குக் கட்டை ஆகியவற்றின் விலையும் கூலியுமாக நாலாயிரம் ரூபாய்க்கு உட்பட்டே செலவாயிற்று. மறுநாள் விடியலில் அதே அளவு சரக்கோடு மலையேறினோம். முதற் கியரிலும் திணறிய வளைவுகளை வண்டி இரண்டாம் கியரில் ஏறிற்று. உச்சியை அணுகுங்கால் நொய்ய காற்றினால் இளைப்பு இருந்தது உண்மையே; ஆயினும் வழக்கத்தினும் அரைமணிப் பொழுது முன்னரே சென்று சேர்ந்தோம். தமையனார் இறங்கி நின்று வண்டியைச் சிறிது நேரம் நோக்கிவிட்டு, “கேரியரை விற்றுவிடலாம், அப்பா” என்றனர். வளையல்கள் அன்னையாரின் கைக்கு மீண்டன. போன வாடிக்கையாளருள் ஒருவரும் மீண்டனர்.

எம் வண்டியிற் புதிதாக வலி சேர்க்கப்பட்டதன்று, இழந்த வலியே மீட்கப்பட்டது என்று கூறுவார் உளர். அது மெய்யே. ஒரு வண்டி பிறக்கும்பொழுது உடைய திறனினும் மேற்பட்ட திறனை, காற்றை வலிந்து புகுத்தாமலே பெறுதல் கூடுமோவெனின், கூடும். அதற்குச் சிறந்த சான்று ஆங்கில நாட்டு மினி என்னும் சிறு கார். அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்த அக்கார் 1959ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் இயந்திரம் 848 கன சென்டிமீட்டர். வலி 34 குதிரைத்திறன். சிக்கனமாக ஊர் சுற்றுதற்கென அமைந்த அதனை, பந்தயக் கார் செய்வதில் வல்லுநரான ஜான் கூப்பர் கண்டு, அது விரைந்தோடுதற்கும் தக்கதென உணர்ந்தனர். 1961ஆம் ஆண்டில் அவர் பெயரோடு மினி கூப்பர் வெளிப்போந்தது. அதன் வலி 55 குதிரைத்திறன், டர்போசார்ஜர் இல்லை.

அவ்வளர்ச்சி எவ்வாறு கிட்டிற்று? பிஸ்டன் செல்லும் தொலைவை 68 மில்லிமீட்டரினின்று 81 மில்லிமீட்டராக நீட்டி, இயந்திரத்தை 997 கன சென்டிமீட்டர் ஆக்கினர். ஆயின், அளவு மிகுந்தது நூற்றுக்குப் பதினெட்டுக்கும் உட்பட்டே; வலி மிகுந்ததோ நூற்றுக்கு அறுபதுக்கும் மேல். எஞ்சிய பயனெல்லாம் உயிர்ப்பைத் திருத்தியதனால் வந்தது. ஒரு கார்புரேட்டருக்கு இரண்டு வைத்தனர். காற்று புகும் வால்வைப் பெரிதாக்கினர். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டை மாற்றினர். புகை செல்லும் வழியைத் தடையறச் செய்தனர். அழுத்த விகிதத்தை 8.3இலிருந்து 9ஆக உயர்த்தினர். லிட்டர் ஒன்றுக்கு 40 குதிரைத்திறனாயிருந்தது 55 ஆயிற்று. விரைவை மிகுவித்தோர், நிறுத்துதலையும் மறவாது, முன்சக்கரங்கட்கு டிஸ்க் பிரேக்கு அமைத்தமை பாராட்டற்குரியது. அதன் வழித்தோன்றலாகிய கூப்பர் எஸ் என்னும் கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மாண்டே கார்லோ ராலியில் வென்றது. இலேசான உடலும், முன்சக்கரங்களே இழுத்துச் செல்லும் அமைப்பும் அவ்வெற்றிகட்குப் பெருந்துணையாயின.

இச்சான்றினின்று பொதுவிதிகள் சிலவற்றை வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, இயந்திரம் இழுக்கும் காற்று குளிர்ந்ததாயிருத்தல் வேண்டும். காற்றின் வெப்பம் 10 பாகை ஏறினால், அதன் செறிவு நூற்றுக்கு மூன்று அளவு குறையும். இயந்திரத்தின் சூட்டிடையே திறந்து வைத்த வடிகட்டி, பார்வைக்குப் பகட்டாயிருப்பினும், வெந்த காற்றையே ஊட்டும். இரண்டாவது, புகைவழி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தக்க நீளமுள்ள தனிக்குழாய் அமைத்து அப்பால் ஒன்று சேர்த்தால், ஒரு சிலிண்டரின் புகை விரைந்தோடும் வேகமே அடுத்ததன் புகையை ஈர்த்துச் செல்லும். ஆயின், குழாயை அளவிறந்து அகலமாக்கினால் அவ்வோட்டம் தளர்ந்துவிடும். சைலென்சரை அறுத்தெறிந்து ஊரைச் செவிடாக்குவோர் பெறுவது பெரும்பாலும் ஓசையே.

மூன்றாவது, கேம்ஷாஃப்டு. வால்வுகள் நெடும்பொழுது திறந்திருக்குமாறு அதனைச் செதுக்கினால், மிகு சுழற்சியில் வலி பெருகும். குறைந்த சுழற்சியில் இழுவை தளரும். பந்தயப் பாதையில் இது நன்று. மலைவளைவிலும் ஊர்த்தெருவிலும் இது துன்பம். இவ்விரண்டையும் ஒருங்கு பெற வேண்டி, ஹோண்டா நிறுவனத்தார் இருவகை வடிவங்களை ஒரே கேம்ஷாஃப்டில் அமைத்து, சுழற்சிக்கேற்ப மாறச் செய்தனர். 1999ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த அவர்களது எஸ் 2000 என்னும் கார், 1997 கன சென்டிமீட்டர் இயந்திரத்திலிருந்து, டர்போசார்ஜர் இன்றி, நிமிடத்துக்கு 8300 சுற்றில் 250 குதிரைத்திறன் தந்தது. நான்காவது, அழுத்த விகிதம். 8இலிருந்து 10ஆக அதனை உயர்த்தினால், நூற்கணக்கின்படி நூற்றுக்கு ஆறரை அளவு ஆதாயம் உண்டு. நாக்கிங் என்னும் இடையூறு அதற்கு எல்லை வகுக்கும். ஆக்டேன் எண் மிக்க பெட்ரோல் அவ்வெல்லையைத் தள்ளி வைக்குமேயன்றி, அது வேண்டாத சாதாரண இயந்திரத்திற்கு ஊற்றினால் தனியே வலி தாராது. ஐந்தாவது, சுமை குறைத்தல். வலி கூட்டினால் விரைவு மாத்திரம் கூடும். சுமை குறைத்தால் விரைவும் பிரேக்கும் வளைவிற் பிடிப்பும் எண்ணெய்ச் சிக்கனமும் ஒருங்கே கூடும்.

இவற்றுட் பல பொதுச்சாலை வண்டிக்கு ஆகா. அவற்றிற் பயில விழைவார்க்கு, திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலுள்ளது போன்ற பந்தயப் பாதைகள் உண்டு. ஏனையோர்க்கு யாம் கூறுவது பின்வருமாறு. ஒருகால் ஒரு மாற்றமே செய்க. செய்யுமுன்னும் செய்தபின்னும் ஒரே ஏற்றத்தில், ஒரே சுமையோடு, கடிகாரத்தை நோக்கி அளந்தறிக. பலவற்றை ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது, தீமை எதனால் வந்தது என்பது விளங்காது. பிரேக்கும் டயரும் நல்லனவாகுமுன் விரைவை நாடற்க. கடைக்காரர் சொல்லும் குதிரைத்திறனினும் அழுத்தமானி காட்டும் எண்ணை நம்புக.

வண்டி இளைக்கின்றதென்று புதுக்கருவி தேடுவோர், முதற்கண் அதன் மூச்சு எவ்விடத்துத் தடைப்படுகின்றதென நோக்குவாராயின், பலர்க்கு அக்கருவியே வேண்டாததாகிவிடும். வேண்டியிருப்பார்க்கும் அந்நோக்கம் வீணாகாது. அடைபட்ட இயந்திரத்தில் எக்கருவியும் நெடுநாள் நில்லாது. எம் ஊரினின்று மலைக்கு வண்டியோட்டுவோர் இன்னும் பலர் உளர். அவர்களுள் ஒருவரேனும் கடனுக்குச் செல்லுமுன் தம் காற்று வடிகட்டியைத் திறந்து பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய உழைப்பு எமக்குப் பயனுடையதாகும்.